செவிலித்தாய்க்கு விசா கிடைக்கவில்லை

புதுச்சேரியிலிருந்து வெளிநாட்டுக்குக் குடிபோன குடும்பங்களிலேயே உலகப் புகழ் பெற்றது எது, சொல்லுங்கள் பார்ப்போம். படேல் குடும்பம். யான் மார்ட்டெல் 2001-ல் எழுதிய 'லைஃப் ஆஃப் பை' நாவலில் வருகிற அதே படேல் குடும்பம்தான். அப்பா, அம்மா, இரண்டு பையன்கள். கூடவே மிருகங்கள். 1977-ல் மெட்ராஸில் கப்பல் ஏறி கனடாவுக்குக் கிளம்புகிறார்கள். பாவம், குடும்பமாகப் போய்ச் சேரவே இல்லை. நடுக்கடலில் கப்பல் மூழ்கிப் போகிறது. பை என்கிற சின்னவனும் ஒரு புலியும் 227 நாள் கடலில் மிதக்கிறார்கள். நாவலுக்கு 2002-ல் புக்கர் பரிசு. 2012-ல் ஆங் லீ எடுத்த படத்துக்கு நாலு ஆஸ்கர். புதுச்சேரிக்காரர்களுக்குப் பெருமை பிடிபடவில்லை.

எனக்கு அந்த நாவலில் ஒரு குறை உண்டு. கரை சேர்ந்த பை அங்கேயே படித்து, வளர்ந்து, கல்யாணம் செய்துகொள்கிறான். பெண்டாட்டி, ஒரு பையன், ஒரு பெண். கதை கேட்க அவன் வீட்டுக்குப் போய் வருகிற எழுத்தாளருக்கே அவனுக்கு மனைவி இருப்பது சாவகாசமாகத்தான் தெரிகிறது. அந்தக் குடும்பத்துக்கு மார்ட்டெல் ஒதுக்கியது சில பக்கங்கள். 227 நாளுக்குப் புத்தகத்தின் பெரும்பகுதி. வருஷக்கணக்கான குடித்தனத்துக்குச் சில பக்கம். பி.காம். படித்தவன் கண்ணுக்கு இந்தக் கணக்கு உறுத்துகிறது. கடலில் எல்லாரையும் பறிகொடுத்த ஒரு புதுச்சேரிப் பையன், பனி கொட்டுகிற ஊரில் எப்படி ஒரு வீட்டை உண்டாக்கினான்? முதல் சண்டை எதற்கு வந்தது? குழந்தையை எந்த பாஷையில் கொஞ்சினான்? அந்த நாவலை நான் இன்னும் ஆசையாகப் படித்திருப்பேன். என்ன, புலி இல்லாத கதைக்கு யார் புக்கர் கொடுப்பார்கள்?

மார்ட்டெலை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. வெளிநாட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் சந்தோஷமாக இருந்தது என்று எழுதுவதற்கு நமக்கே கை வருவதில்லை. பரம்பரை வியாதி. பிரிவுக்கு என்றே ஒரு திணை வைத்திருப்பவர்கள் நாம். அவன் பொருள் தேடப் போவான், அவள் சுவரில் கோடு போட்டு நாளை எண்ணுவாள். ஔவையும் திரைகடல் ஓடச் சொன்னாளே தவிர, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடு என்று சொல்லவில்லை. சரி, உடன்போக்கு என்று ஒன்று இருக்கிறதே, காதலனும் காதலியும் சேர்ந்தே ஊரைவிட்டுப் போவது? அங்கேயும் நம் நெஞ்சைப் பிழிவது வீட்டில் உட்கார்ந்து புலம்புகிற தாயின் பாட்டுதான். போனவர்கள் வழியில் சிரித்திருக்க மாட்டார்களா என்ன?

ஆனால் ஒரு விலக்கு உண்டு. குறுந்தொகையில் 167-ஆம் பாட்டு. கூடலூர் கிழார் பாடியது. கல்யாணமாகிப் போன பெண்ணின் வீட்டுக்கு வளர்த்த செவிலித்தாய் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்றவளிடம் ரிப்போர்ட் சொல்கிறாள். அந்தப் பெண் தயிரைப் பிசைந்த கையை அப்படியே புடைவையில் துடைத்துக்கொள்கிறாள். தாளித்த புகை கண்ணில் ஏறுகிறது. தானே துழாவிச் செய்த குழம்பைக் கணவன் இனிக்கிறது என்று சாப்பிடுகிறான். அவள் முகத்தில் லேசாக ஒரு சந்தோஷம். அவ்வளவுதான் பாட்டு. நகை எவ்வளவு, வீடு எவ்வளவு பெரிசு, ஒரு கணக்கும் கிடையாது. போய்ப் பார்த்த ஒருத்தி, பார்த்ததைச் சொல்கிறாள். இத்தனை நூற்றாண்டுக்கு முன்னாலேயே இந்த வித்தை நம் கையில் இருந்திருக்கிறது. இந்த விஷயத்தில் செவிலித்தாய்க்குக் கடல் கடக்க விசா கிடைக்காமல் போனதுதான் பிரச்சினை.

இதை ஏன் புதுச்சேரியை வைத்துப் பேசுகிறேன் என்றால், குடும்பமாக வெளிநாடு போவதில் வில்லியனூர், பாகூர் பக்கத்துக்காரர்களுக்கு நம்மில் பல பேரைவிட அனுபவம் ஜாஸ்தி. 1954 அக்டோபர் 18-ல் வில்லியனூர் கொம்யூனில் உள்ள கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. ஆனால் சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அன்றிலிருந்து ஆறு மாசம் டயம். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம். சுமார் ஐயாயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு, வேண்டாம் என்று சொல்லாத வரைக்கும் அது தானாகவே தொடர்ந்தது. 'எங்க தாத்தா அன்னிக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா' என்று ஆரம்பிக்கிற பெருமூச்சுக் கதைகளைப் புதுச்சேரித் திண்ணைகளில் இன்றைக்கும் கேட்கலாம்.

பட்டாளத்துக்காரரை அந்தப் பக்கம் 'சொல்தா' என்பார்கள். பிரெஞ்சுச் சொல், தமிழ் வாய். சொல்தா வீடுகள் கிராமங்களிலும் உண்டு. பாகூர் நெல் விளைகிற பூமி. ஏரி நிரம்பினால் ஊருக்கே சிரிப்பு வரும். அந்த வயல்காட்டு நடுவே சட்டென்று ஒரு மெத்தை வீடு, அதில் பிரான்ஸிலிருந்து பென்ஷன் வாங்குகிற ஒரு பெரியவர். பிறந்த ஊரிலேயே, தாத்தா கட்டிய வீட்டிலேயே குடியிருந்தாலும், பிரெஞ்சுச் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர். பாரிஸ் பார்லிமென்ட்டில் அவருக்கு ஒரு உறுப்பினர் உண்டு. வெளிநாட்டுவாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கான 11-வது தொகுதி. ஆசியா, ஓஷியானியா என்று பாதி உலகம் அதில் அடங்கும். 2012-லிருந்து தேர்தல் நடக்கிறது. பாகூர் ஏரிக்கரையில் வேட்டியோடு உட்கார்ந்திருக்கிற மனுஷன், ஆவணப்படி அயல்நாட்டில் குடும்பம் நடத்துகிறவர். இதைவிட ருசியான ஒரு நாவல் ஆரம்பம் யாருக்காவது கிடைக்குமா?

இந்த ஜனங்கள் முதலில் போனது பாரிஸுக்கு அல்ல. சைகோனுக்கு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து, பிரெஞ்சுக்காரன் இந்தோசீனாவில் கச்சேரி திறந்தபோதெல்லாம் குமாஸ்தாவாக, போலீஸாக, வரி வசூலிப்பவராகப் புதுச்சேரிக்காரர்கள் போனார்கள். குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அங்கிருந்து திரும்பியபோது அவர்களோடு 'சாயோ' வந்தது. வியட்நாம்காரர்கள் பூரணம் வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற பதார்த்தம். இன்றைக்கும் புதுச்சேரியில் சில வீட்டு விசேஷங்களில் அது உண்டு. எந்த துக்கமான குடும்பமாவது பக்கத்து வீட்டுப் பலகாரத்தைக் கற்றுக்கொண்டு ஊருக்கு எடுத்து வருமா? அந்த அடுப்படியில் இரண்டு பெண்கள் பாஷை புரியாமல் சிரித்திருக்க வேண்டும். அதை யார் எழுதினார்கள்?

அப்புறம் பிரான்ஸ். பாரிஸுக்கு வடக்கே சார்செல், கார்ழ் போன்ற புறநகர்களின் அடுக்குமாடிகளில் புதுச்சேரிக் குடும்பங்கள் நிறைய. அங்கே சந்தோஷம் எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்தால், ஐஃபெல் டவரிலிருந்து வரவில்லை. லீவிலிருந்து வருகிறது. சிரிக்காதீர்கள். பிரான்ஸில் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு வருஷத்துக்கு இரண்டு வாரம் லீவு என்று 1936-ல் சட்டம் போட்டார்கள். 1982-ல் அது ஐந்து வாரம் ஆயிற்று. 2000-லிருந்து வாரத்துக்கு 35 மணி நேர வேலை. இரண்டாவது குழந்தையிலிருந்து அரசாங்கம் குடும்பப் படி கொடுக்கிறது. அதாவது, அப்பா என்கிற ஆள் சாயந்திரம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடக்கூடிய ஒரு ஏற்பாடு. வில்லியனூரில் அவருடைய அப்பா எப்போது வீட்டுக்கு வந்தார், குழந்தைகள் எந்த வகுப்பில் படிக்கின்றன என்று அவருக்குத் தெரியுமா என்றெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. மாமியார், நாத்தனார், பெரியப்பா என்று நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்த கூடத்தில் மனைவியோடு உட்கார்ந்து பேசாத ஆள், மூணாவது மாடியில் இரண்டு ரூம் ஃப்ளாட்டில் வேறு வழியில்லாமல் பேச ஆரம்பிக்கிறார். குளிரும் உதவி செய்கிறது, வெளியே போய் நிற்கத் திண்ணை இல்லையே. வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் சந்தைக்குப் போய் மீன் வாங்குகிறார்கள். கணவனும் மனைவியும் குழந்தைகளுமாகச் சேர்ந்து மீன் வாங்குவது பாகூரில் எத்தனை வீட்டில் நடக்கும்?

இந்தச் சந்தோஷம் ஏன் ஊர் வந்து சேர்வதில்லை? காரணம் ரொம்பச் சாதாரணம். ஊருக்குப் போன் பண்ணி 'நாங்க இங்க சந்தோஷமா இருக்கோம்' என்று சொல்லிப் பாருங்கள். ஒன்று, கண்ணு படும். இரண்டு, அம்மாவுக்குச் சுருக்கென்று தைக்கும், நான் இல்லாமலே சந்தோஷமா என்று. மூன்று, அடுத்த வாரமே யாராவது ஐந்து லட்சம் கைமாற்று கேட்பார்கள். அதனால் தொலைபேசி இலக்கியத்துக்கு என்றே ஒரு மரபு உண்டாகிவிட்டது. 'குளிர் தாங்கலை, காசு நிக்கலை, காய்கறியில ருசியே இல்லை.' காலங்காலமாக எல்லாரும் இதே வசனத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நம் எழுத்தாளர்கள் பாதிப் பேர் அந்தப் போன்காலைக் கேட்டுவிட்டுக் கதை எழுதுகிறார்கள் என்பது என் சந்தேகம். வரவை மறைத்துச் செலவை மட்டும் காட்டுகிற கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறது என்று தீர்ப்பு எழுதுகிற ஆடிட்டர்கள்.

சினிமா இன்னும் மோசம். நமக்கு வெளிநாடு என்றால் பாட்டு. 'ஜீன்ஸ்' (1998) படத்தில் அமெரிக்காவில் ஒரு தமிழ்க் குடும்பமே இருக்கிறது. ஆனால் நமக்கு ஞாபகம் இருப்பது ஏழு அதிசயங்கள் முன்னால் ஆடியதுதான். 'நளதமயந்தி' (2003) கொஞ்சம் கிட்டே வந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு சமையல்காரர், அடுப்படி வாசனை உள்ள படம். அதிலும் கல்யாணம் என்பது விசாவுக்கான உபாயம்.

2015-ல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய 'தீபன்' படத்தை இந்த இடத்தில் பேசியே ஆகவேண்டும். ழாக் ஓதியார் எடுத்த பிரெஞ்சுப் படம். பேசுவது பெரும்பாலும் தமிழ். எழுத்தாளர் ஷோபாசக்தி கதாநாயகன், காளீஸ்வரி சீனிவாசன் கதாநாயகி. இலங்கை யுத்தத்திலிருந்து தப்பிக்க, ஒருவரையொருவர் தெரியாத ஓர் ஆணும் பெண்ணும் ஒரு சிறுமியும் பொய்யாக ஒரு குடும்பமாகிப் பாரிஸ் புறநகரில் குடியேறுகிறார்கள். பொய்க் குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாக நிஜக் குடும்பமாகிறது. அந்தப் பகுதி அபாரம். கூட வேலை செய்கிறவர்கள் ஜோக் அடித்தால் அர்த்தம் புரிகிறது, ஆனால் சிரிப்பு வரவில்லை என்று அவன் வருத்தப்படுகிறான். பிரச்சினை பாஷையில் இல்லை, உனக்குத் தமிழிலும் நகைச்சுவை வராது என்கிற மாதிரி அவள் வாருகிறாள். எனக்கு அந்த இடத்தில்தான் அவர்கள் புருஷன் பெண்டாட்டி ஆனார்கள். சமைப்பதும் வாருவதும் வெட்கப்படுவதுமாக அந்தப் படத்தில் குறுந்தொகைக்காரி எட்டிப் பார்க்கிற நிமிஷங்கள் உண்டு.

அப்புறம் ஓதியாருக்குப் பொறுமை போய்விட்டது. துப்பாக்கி, கத்தி, புகை. அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியே யுத்தகளம் ஆகிறது. கடைசியில் ஒரு காட்சி: இங்கிலாந்து, வெயில், தோட்டம், கைக்குழந்தை. அது கனவா நிஜமா என்று விமர்சகர்கள் அடித்துக்கொண்டார்கள். என் ஆட்சேபம் வேறு. பாரிஸ் புறநகரில் ஒரு தமிழ்க் குடும்பம் சந்தோஷமாக இருக்கமுடியும் என்று டைரக்டருக்கே நம்பிக்கை இல்லை. அதற்காகக் கடல் கடந்து இன்னொரு நாட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. ஐயா, அதே மாதிரி அடுக்குமாடிகளில்தான் நம் வில்லியனூர்க்காரர்கள் ஜன்னலோரம் தொட்டியில் கறிவேப்பிலை வளர்த்துக்கொண்டு, குழந்தைக்கு ஹோம்வொர்க் சொல்லித் தரத் தெரியாமல் குழந்தையிடமே பாடம் கேட்டுக்கொண்டு குடித்தனம் நடத்துகிறார்கள்.

ஆரி கோத்தியே என்று ஒருவர். மடகாஸ்கரில் பிறந்து, புதுச்சேரியில் வளர்ந்து, இப்போது ஐரோப்பாவில் இருக்கிறவர். அவர் பிரெஞ்சில் எழுதிய நாவலின் பெயரே 'திண்ணை' (2018). இங்கிலீஷிலும் வந்துவிட்டது. குருசுக்குப்பத்துத் திண்ணையும், அங்கே வந்து சேர்கிற ஜில்பேர் தாத்தாவும், பிரெஞ்சுப் பிரஜைகளும் கலகலவென்று இருக்கிறார்கள். ஆனால் வருஷக்கணக்காக ஐரோப்பாவில் வாழ்ந்துவிட்டுத் திரும்புகிறவர் ஞாபகத்தில் எடுத்து வருவது ஊரைத்தான். அந்த ஐரோப்பிய வீடு? அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லையோ, அல்லது சொல்லக் கூச்சமோ.

கூச்சமே இல்லாமல் எழுதியவர் அ. முத்துலிங்கம் ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்து, ஆப்பிரிக்கா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் என்று உத்தியோகம் பார்த்துவிட்டு கனடாவில் குடியேறியவர். 'அங்கே இப்ப என்ன நேரம்?' கட்டுரைகளில் (2004) ஒரு மனுஷன் அந்நிய ஊரில் அசட்டுத்தனமாக மாட்டிக்கொள்வதும், அதை வீட்டாரோடு சேர்ந்து ரசிப்பதும் இருக்கிறது. அவரை 'சுவாரஸ்யமான எழுத்தாளர்' என்று ஒரு படி கீழே உட்காரவைக்கிற இலக்கியவாதிகள் உண்டு. அழவைத்தால் ஆழம், சிரிக்கவைத்தால் சுவாரஸ்யம். இந்தத் தராசை யார் செய்தார்களோ.

இதையெல்லாம் சும்மா இலக்கிய வம்புக்காக நான் சொல்லவில்லை. பாகூர்ப் பக்கம் ஒரு பெண்ணுக்கு 'பிரெஞ்சு மாப்பிள்ளை' பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடியுரிமைக்கு என்றே தனி விலை உண்டு என்பது புதுச்சேரியில் ஊரறிந்த விஷயம். வில்லியம் மைல்ஸ் என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1995-ல் இந்தப் பழைய பிரெஞ்சிந்தியா பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நிலத்தை விற்று வரதட்சணை கொடுக்கிற அப்பாவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் வெளிநாட்டு வாழ்க்கை பற்றிக் கிடைக்கிற தகவல் இரண்டே வகை. தரகர் சொல்லும் சொர்க்கம். கதையும் சினிமாவும் சொல்லும் நரகம். ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல ஆள் கிடையாது. அவளுக்கு மொழி கற்றுக்கொள்ள வகுப்புக்குப் போக விடுவானா? பஸ் பாஸ் யார் கையில்? பேங்க் கணக்கு யார் பேரில்? அவள் வேலைக்குப் போவாளா, பாத்திரம் யார் கழுவுவது? சார்செல் வீட்டுச் சந்தோஷம் இந்த மாதிரி அல்ப விஷயங்களால் ஆனது.

கஷ்டம் இல்லையா என்றால், இருக்கிறது. நிறத்துக்காகத் திரும்பிப் பார்க்கிறவர்கள், நாலு சுவருக்குள் கிடக்கிற கிழவிகள், பாஸ்போர்ட்டைப் பூட்டி வைக்கிற புருஷன்கள். அதையெல்லாம் எழுதியாகிவிட்டது, இன்னும் எழுதலாம். ஆனால் நல்லது எப்படி இருக்கும் என்று தெரியாத பெண்ணுக்குக் கெட்டது கெட்டது என்று எப்படித் தெரியும்? வருஷக்கணக்காக வீட்டுக்குள் அடைந்து கிடந்துவிட்டு 'வெளிநாடுன்னா அப்படித்தான் போல' என்று நினைத்துக்கொள்வாள். பக்கத்து ப்ளாக்கிலேயே இன்னொருத்தி கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருப்பாள்.

வேடிக்கை என்னவென்றால், புதுச்சேரிக்காரர்களின் இந்த வாழ்க்கையைக் கொஞ்சமாவது வெட்கப்படாமல் சொல்கிற புத்தகம் என்று என் கண்ணில் பட்டது நாவல் அல்ல, சமையல் புத்தகம். லூர்து திருவாஞ்சியம் லூயி எழுதிய 'தி பாண்டிச்சேரி கிச்சன்' (2012). நம் மிளகு சீரகத்தோடு பிரெஞ்சு ருசியும் ஒட்டிக்கொண்ட வீட்டுச் சமையல். குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டது என்பதற்கு அச்சில் உள்ள சாட்சி. விமர்சகர்கள் இதையெல்லாம் புத்தகம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வீடியோ வந்ததும் பழைய 'குளிர் தாங்கலை' வசனம் எடுபடவில்லை. பேசுகிறவள் முகத்தைப் பார்த்தாலே ஊரில் இருக்கிற அம்மாவுக்குத் தெரிந்துபோகிறது. பின்னால் அடுப்பில் எது கொதிக்கிறது, குழந்தை எந்த சோபாவில் குதிக்கிறது எல்லாம் தெரிகிறது. ஜூலை, ஆகஸ்டில் அங்கே பள்ளி விடுமுறை விட்டு அவர்கள் ஊருக்கு வரும்போது, சொல்ல ஒன்றும் பாக்கி இருப்பதில்லை. வில்லியனூரில் உட்கார்ந்தபடியே செவிலித்தாய் வேலையைப் பாட்டிகள் பார்த்துவிடுகிறார்கள். மாப்பிள்ளை பாத்திரம் கழுவுகிறதை மட்டும் இன்னும் கேமராவுக்கு வெளியேதான் வைத்துக்கொள்கிறார்களாம்.